வாசிக்கக் கூசும் பையன்கள்



திருநாளன்று தேர் இழுக்க வாலிகண்டபுரத்துப் பையன்களை இருமுறை கூப்பிட வேண்டியதில்லை. பூசையில் நிருபம் வாசிக்க அழைத்தாலோ, “அது பொண்ணுங்க வேலை சாமி” என்று நழுவுகிறார்கள். இதை அவர்களுக்குக் கற்பித்தது யார்? புத்தகமும் கையுமாக இருக்கும் மகனை, “பொட்டப்புள்ள மாதிரி மூலையில என்னடா?” என்று அதட்டும் நாம் அல்லவா?

நாசரேத்தூர்த் தச்சர் ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று இசையாஸ் ஆகமத்தை வாசித்தாரே! உளி பிடித்த கரத்துக்கு ஏடு இழிவாயிற்றா? ஏலாக்குறிச்சியில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் முப்பது வயதளவில் இத்தாலியிலிருந்து வந்து, சிறுபிள்ளைபோல் தமிழ் எழுத்துக் கற்று, 1732-இல் நமக்கே சதுரகராதி தந்தார்.

2025-இல் நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் பெண்கள் 96.70 விழுக்காடும் ஆண்கள் 93.16 விழுக்காடும் தேறினர். பெண்மக்கள் முந்துவது நமக்குப் பெருமை. பையன்கள் பிந்துவதில் நம் பங்கும் உண்டு. வாசிக்கக் கூசுகிறவன் நாளை கடன் பத்திரத்திலும் வாசியாமலே கையெழுத்திடுவான்.

தகப்பன்மாரே, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் மகன் காண நீங்களே சுவிசேஷத்தைத் திறந்து வாசியுங்கள். எழுத்துக் கூட்டித்தான் வருமா? வெட்கம் வேண்டாம், அவனை அருகில் உட்கார வைத்துக் கூட்டி வாசியுங்கள். பிறகு பூசையில் வாசிக்க அவனை நான் அழைக்கும்போது நழுவமாட்டான்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்