தனிமையும் காத்திருப்போரும்

உத்தராகண்ட் மாநிலம் ருத்ரப்பிரயாக் மாவட்டத்தில், ஊக்கிமடத்தை அடுத்த மலைச்சரிவில் சாரி என்றொரு சிற்றூர் உள்ளது. படிப்படியாக வெட்டிய வயல்களும் கற்பலகை வேய்ந்த பழைய வீடுகளும் கொண்ட ஊர். அங்கிருந்து செங்குத்தாக இரண்டரை கிலோமீட்டர் ஏறினால் தேவரியா தால் என்னும் ஏரி. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நீரில், காற்றசையாத விடியற்காலையில், 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம் தலைகீழாகத் தெரியும். ஏரிக்கு அப்பால் ஓக் மரங்களும், பங்குனி சித்திரையில் சிவந்து பூக்கும் புரான்ஸ் மரங்களும் அடர்ந்த காட்டினூடே ஓர் ஒற்றையடிப் பாதை ரோஹிணி புக்யால் என்ற புல்வெளியை நோக்கிச் செல்கிறது.

தனிமையை நாடி வருவோருக்கு இப்பாதை மிகவும் உகந்தது. அவ்வாறு வரும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நகரத்தில் பொறுப்பான பணியில் இருப்பவர், நடுத்தர வயதினர். சாரியில் ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்குகிறார். விடிவதற்கு முன்பே, எவரையும் எழுப்பாமல், கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் புறப்படுகிறார். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் போவதில்தான் அவருக்குச் சுகமே இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் யாருக்கேனும் கணக்குச் சொல்லிச் சலித்த மனம் அது. இவர் கற்பனை மனிதரே. ஆயினும் அப்பக்கம் போய் வந்தவர்கள் இவரை எளிதில் அடையாளம் கண்டுகொள்வர்.

புல்வெளியில் அவர் நாடியது கிடைக்கிறது. காற்றின் ஓசையன்றி வேறு ஓசையில்லை. எதிரே பனிச்சிகரங்கள். ‘நான் இன்னார்’ என்ற நினைப்பு சிறிது நேரம் தானே உதிர்ந்துவிடுகிறது. இதைப் பொய்யென்றோ பொழுதுபோக்கென்றோ ஒதுக்க வேண்டியதில்லை. சில மணி நேரமாவது மனம் தன் பாரத்தை இறக்கி வைத்தது உண்மையே. அந்த நிறைவில் நேரம் போனது தெரியவில்லை. போகவர இருபது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய வழி. திரும்பும்போது காட்டுக்குள்ளேயே இருட்டிவிடுகிறது.

ஏரிக்கு மேலே, பாதை வளையும் இடத்தில் ஒரு விளக்கு அசைந்து வருகிறது. அந்த வீட்டுச் சிறுவனும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் அவரைத் தேடிக்கொண்டு ஏறி வந்திருக்கிறார்கள். வீடு சேர்ந்ததும் வீட்டு மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. சுடச்சுடக் கேழ்வரகு ரொட்டியும் கீரையும் வைக்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகு, “பேட்டா, சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே” என்கிறார். அவ்வளவுதான்.

அவர் வருத்தம் தெரிவிக்கிறார். சிறுவனின் சிரமத்திற்காகப் பணம் கொடுக்க முற்படுகிறார். தங்கியதற்கும் உண்டதற்கும் உரிய கட்டணத்தை மூதாட்டி முறையாக வாங்கிக்கொள்கிறார். அது அவர்களுடைய பிழைப்பு. அதில் பேரம் பேசாதிருப்பதே விருந்தினருக்கு அழகு. (மலைமக்களின் அன்பை ஊரெங்கும் புகழ்ந்துவிட்டு, அறை வாடகையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுபவர்களும் உண்டு.) ஆனால் விளக்கெடுத்துக்கொண்டு வந்ததற்கான பணத்தை மட்டும் அவர் தொடவில்லை.

இங்கே எழும் வினா எளிதன்று. ஒருவன் தனியாகச் செல்ல விரும்பினால் அதற்கு அவனுக்கு உரிமை இல்லையா? “என்னைத் தேடும்படி நான் எவரையும் கேட்கவில்லையே” என்று அவன் சொன்னால் அது தவறா? தர்க்கத்தில் அவன் பக்கம் நியாயம் இருப்பது போலவே தோன்றும். உயிர் அவனுடையது, கால்கள் அவனுடையவை, விடுமுறையும் அவனுடையது.

தேவரியா தாலைப் பற்றி அவ்வூர் மக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. யக்ஷன் தருமபுத்திரரிடம் கேள்விகள் கேட்டது இந்தக் கரையில்தான் என்பார்கள். இப்பெருமையைக் கோரும் இடங்கள் வேறும் உள்ளன. பாகிஸ்தானில் உள்ள கடாஸ்ராஜ் குளத்தைப் பற்றியும் இவ்வாறே சொல்லப்படுகிறது. இடம் எதுவானாலும் கதை ஒன்றே. தாகத்தால் வாடிய அண்ணன் தம்பியரில் முதலில் நகுலன் தண்ணீர் தேடிப் போகிறான், திரும்பவில்லை. பின்னர் சகதேவன், அருச்சுனன், வீமன். ஒவ்வொருவராக, தனித்தனியே போகிறார்கள். குரல் ஒன்று தடுக்கிறது, எவரும் பொருட்படுத்தவில்லை. மரத்தடியில் ஒருவர் காத்திருக்கிறார். கதை கேட்பவர்கள் பெரும்பாலும் கேள்வி பதில்களையே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய அந்தக் காத்திருப்பை, ஒவ்வொரு தம்பியையும் அனுப்பிவிட்டு வழியையே பார்த்திருந்த அந்த நாழிகைகளை, எவரும் அதிகம் எண்ணுவதில்லை.

வெளியூர் செல்பவனுக்கு நண்பன் யார் என்பதும் யக்ஷனின் கேள்விகளுள் ஒன்று. கல்வியே என்று விடை சொல்லும் வழக்கு தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. உடன் பயணம் செய்யும் கூட்டமே என்று விடை தரும் வடமொழிப் பாடமும் உண்டு. இறுதியில், தம்பியருள் ஒருவனை மட்டும் உயிர்ப்பிக்கலாம் என்றபோது தருமர் நகுலனைக் கேட்கிறார். குந்திக்கு ஒரு மகன் எஞ்சியிருக்கும்போது மாத்ரிக்கும் ஒரு மகன் எஞ்ச வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். மாத்ரியோ என்றோ மறைந்துவிட்டவள். உயிரோடு காத்திராத தாய்க்கும் தாம் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்று நினைத்தவர் அவர்.

அப்படியானால் துறவிகள்? அவர்கள் தனித்துப் போகவில்லையா? இமயத்தின் பெருமையே தனித்துப் போனவர்களால் வந்ததுதானே? இந்த மறுப்பு வலுவானது. ஆனால் துறவறம் ஏற்பவர் செய்யும் சடங்கைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் தமக்குத் தாமே சிராத்தம் செய்துகொள்கிறார். உலகத்தாருக்கு அவர் அன்றே இறந்தவர். இனி அவருக்காக அடுப்பில் சோறு காக்க வேண்டாம், வாசலில் விளக்கு வைக்க வேண்டாம் என்று உற்றாரை அவர் விடுவித்துவிடுகிறார். ஒரு நாள் தனிமைக்குப் போகிறவர் அப்படி எதுவும் செய்வதில்லை. இரவு ரொட்டியும் கம்பளியும் காத்திருக்கும் என்ற உறுதியோடுதான் அவர் காட்டுக்குள் நுழைகிறார். துறவி தம் தனிமைக்கு முழு விலையையும் கொடுத்துவிட்டவர். இவருடைய தனிமை இரவல் வாங்கியது. இரவல் வாங்குவது குற்றமன்று. வாங்கியிருக்கிறோம் என்ற நினைவே இல்லாதிருப்பதுதான் குறை.

துறவியருக்குள்ளும் ஆதிசங்கரரின் வரலாறு கூறுவது என்ன? காலடியில் முதலை காலைப் பற்றிய நிலையில்கூடத் தாயின் அனுமதியைப் பெற்ற பின்னரே அவர் துறவேற்றதாக மரபு சொல்கிறது. அந்திமக் காலத்தில் வருவேன் என்று வாக்களித்தார், வந்தார், உறவினர் எதிர்த்தும் தாயின் ஈமக்கடனைத் தாமே செய்தார். ‘எல்லாம் பிரம்மம்’ என்று நிறுவியவருக்கு, காத்திருந்த ஒரு தாய் மாயையாகப் படவில்லை.

மலைக்கிராமங்களில் காத்திருப்பு என்பது வெறும் மன உணர்ச்சியன்று. 1918 முதல் 1926 வரை ருத்ரப்பிரயாகைச் சுற்றி ஓர் ஆட்கொல்லிச் சிறுத்தை 125 பேரைக் கொன்றதாகக் கணக்கு. ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தும் வரை, இருட்டிய பிறகு வெளியே இருப்பவன் உயிரோடு திரும்புவான் என்ற நிச்சயம் எந்த வீட்டிலும் இல்லை. அது பழங்கதை எனலாம். 2013 ஜூன் மாதப் பெருவெள்ளம் பழங்கதை அன்று. கேதார்நாத் வழியில் கோவேறு கழுதை ஓட்டவும் கடை நடத்தவும் போயிருந்த இப்பகுதி ஆண்கள் பலர் திரும்பவே இல்லை. சில ஊர்களில் வீட்டுக்கு வீடு அந்த இழப்பு உண்டு. போனவன் பொழுது சாய்ந்தும் வராவிட்டால் அந்த மூதாட்டியின் நெஞ்சில் என்ன எழும் என்பது, நகரத்திலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு வகைத் திரும்பாமையும் உண்டு; இதில் ஓசை கிடையாது. 2001-க்கும் 2011-க்கும் இடையே அல்மோரா, பௌரி மாவட்டங்களில் மக்கள்தொகை குறைந்தது. 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளற்றுப் போனதாக மாநில அரசின் இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. மகன் டேராடூனில், மருமகள் தில்லியில், பேரன் எங்கோ ஒரு விடுதியில். பூட்டிய வீட்டின் முற்றத்தில் புல் முளைக்கிறது. பிள்ளைகள் ஊரை விட்டு நகரத்துக்குப் போகிறார்கள். நகரத்தார் ‘தம்மைத் தேடி’ அதே ஊருக்கு வருகிறார்கள்.

‘தனிப் பயணம்’ என்ற சொல்லையே சற்றுச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அவ்வீட்டு மருமகள் அன்றாடம் அரிவாளும் கயிறுமாகப் புல்லறுக்கக் காட்டுக்குப் போகிறாள். தன் உடலை மறைக்கும் அளவுக்குப் பெரிய சுமையை முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிறாள். கரடிக்கும் சிறுத்தைக்கும் அஞ்சியே நடக்கும் வழி அது. அதை எவரும் சாகசம் என்று அழைப்பதில்லை. அவளுக்குத் தனிமை வாய்க்காத நாள்தான் நல்ல நாள். நாலு பெண்கள் கூடப் போனால் பேச்சும் துணையும் கிடைக்கும். 1973-இல் இதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், மண்டல் என்னும் ஊரில், மக்கள் மரங்களைக் கட்டியணைத்துக் காப்போம் என்று எழுந்து நின்ற சிப்கோ இயக்கம் அவர்கள் ஒன்றுசேர்ந்து நின்றதால் உண்டானது. பயணி அனுபவித்த காட்டின் அமைதி, தானே கிடைத்ததன்று. அதைக் காத்தவர்கள் இருந்தார்கள்.

இவற்றையெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தால் தனிமை கெட்டுவிடாதா என்று கேட்கலாம். கெடாது என்றே தோன்றுகிறது. பிறர் பார்வையிலிருந்து விடுபடுவது ஒன்று. பிறர் அக்கறையிலிருந்து விடுபடுவது வேறொன்று. முன்னது மனத்துக்கு ஓய்வு தரும். பின்னதை விரும்புகிறவன், தான் எவருக்கும் ஒரு பொருட்டாக இருக்கக்கூடாது என்று விரும்புகிறான். அது வைராக்கியம் போல் தோற்றமளித்தாலும், அதனுள் அகங்காரம் மிக நன்றாக ஒளிந்துகொள்ளும். கடோபநிஷதத்தில் யமனின் வாசலில் தனித்து நின்ற நசிகேதன் கேட்ட முதல் வரம் ஆத்ம ஞானம் அன்று. தான் திரும்பிச் செல்லும்போது தந்தை கவலையும் கோபமும் நீங்கித் தன்னை அடையாளம் கண்டு வரவேற்க வேண்டும் என்பதே. மரணத்தின் ரகசியத்தை அவன் மூன்றாவதாகத்தான் கேட்டான்.

துங்கநாதரின் உற்சவமூர்த்தியும் ஆண்டுதோறும் 3,680 மீட்டர் உயரத்திலிருந்து குளிர்காலத்திற்காக மக்கு கிராமத்திற்கு இறங்கி வருகிறார். புறப்படும் நாளை முன்கூட்டியே விஜயதசமியன்று அறிவித்துவிடுகிறார்கள். பல்லக்கு எந்தெந்த ஊரில் தங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வழிநெடுகிலும் மக்கள் பூவும் தானியமுமாகக் காத்து நிற்பார்கள்.

மறுநாள் காலை அந்தப் பயணி கீழிறங்கும் ஜீப்புக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்த சில நாட்களில் அந்த அமைதி போய்விட்டதென்று அவர் குறைபட்டுக்கொள்ளக்கூடும். அது வேறு விஷயம். இப்போது மருமகள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வருகிறாள். எந்தக் காட்டுக்கு, யாருடன், எப்போது திரும்புவாள் என்று மாமியாரிடம் நாலே சொற்களில் சொல்கிறாள். மூதாட்டி அரிசி புடைப்பதை நிறுத்தாமல் தலையசைக்கிறார். அவள் வளைவில் மறைகிற வரை பார்த்துவிட்டு, மறுபடியும் முறத்தின் பக்கம் திரும்புகிறார். பயணி பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, வீட்டு எண்ணை அழுத்துகிறார்.