ஒரே பந்தியில் உட்காருவோமா?



போன அன்பின் விருந்தில் கண்ட ஒரு காரியம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. கடற்கரை விசுவாசிகள் எல்லாரும் ஒரு பக்கப் பந்தி. உள்நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் மறுபக்கப் பந்தி. யாரும் சொல்லி வைக்கவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் எல்லாருமாய்க் கைதட்டித் துதித்தோம்! இலையில் இருந்ததோ மேட்டில் விளைந்த மரச்சீனிக் கிழங்கும் நம்ம கடல் மீனும்.

முட்டத்திலிருந்து கரையோரமாய் மேற்கே போனால் குளச்சல். 1741-ல் அங்கே மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் சேனை ஒல்லாந்துக்காரரை முறியடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலன்னாய். ராஜா அவரைத் தம்முடைய சேனையைப் பழக்க வைத்துக்கொண்டார். பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகமாயிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை இவருக்குச் சிநேகிதரானார். யோசித்துப் பாருங்கள்! ஒருவர் தோற்றுப்போன வெள்ளைக்காரக் கைதி. மற்றவர் உயர்ந்த ஜாதி, கோயில் பாரம்பரியம். பேச்சு வேறு, சாப்பாடு வேறு.

பிள்ளையின் வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் ஒடிந்திருந்தபோது, டிலன்னாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். மேடைப் பிரசங்கம் அல்ல, சிநேகிதனுக்குச் சிநேகிதன் சொன்ன ஆறுதல். 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார். ஜாதி பாராமல் எல்லாரோடும் பழகினார், எல்லாரும் சமம் என்றார். பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

"பாஸ்டர், அவர் கத்தோலிக்கர் அல்லவா?" என்று ஒரு தம்பி கேட்டான். ஆமாம், 2022-ல் ரோமில் புனிதர் பட்டமும் கொடுத்தார்கள். நம்முடைய உபதேசம் வேறுதான், நான் மறைக்கவில்லை. ஆனாலும் இயேசுவுக்காக இரத்தம் சிந்தினவரைப்பற்றி முட்டத்துக் கரையில் இருந்துகொண்டு வாய் மூடியிருக்க எனக்கு மனமில்லை. 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோது, எந்தச் சபை என்று பார்த்தா அழுதோம்?

கலாத்தியர் 2-ம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, தன் ஊர்க்காரர் சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். உபதேசத்தை மாற்றவில்லை, பந்தியைத்தான் மாற்றினார். அதற்கே பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டார். மேல்வீட்டறையில் ஆவியின் அபிஷேகம் பெற்ற பேதுரு ஐயா அவர்! அப்படியானால் நாம் எம்மாத்திரம்?

அன்றைக்கு நானும் எழுந்து மாறி உட்காரவில்லை. வழக்கமாய் இருக்கிற பக்கமே இருந்து சாப்பிட்டேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

வருகிற விருந்துக்குக் கடற்கரைத் தாய்மாரும் உள்நாட்டுத் தாய்மாரும் காலையிலேயே வந்துவிடுங்கள். ஒரே அடுப்படியில் கிழங்கு அவிப்போம், மீன் கறியும் வைப்போம். நான் முந்தி வந்து தண்ணீர் கோரி வைக்கிறேன்.