சாமியின் கணக்கில் எழுதாதீர்கள்

செம்புத் தகட்டைப் பின்புறமிருந்து தட்டித் தட்டிப் புடைத்தெடுத்த முகம். பிதுங்கிய விழிகள், நெற்றிக்கண், கோரைப்பல், மண்டையோட்டு மகுடம். மேலே தங்கப் பூச்சு. நேபாளத்து நேவார் கைவினைஞர்கள் செய்த பைரவர் முகம் இது. இந்துவுக்கு இவர் சிவனின் உக்கிர வடிவம், பௌத்தருக்கு மகாகாலர். காத்மாண்டுவின் துண்டிக்கேல் மைதானத்தருகே உள்ள மகாகாலர் கோயிலில் இரு சமயத்தாரும் ஒரே சிலையைத்தான் கும்பிடுகிறார்கள். எந்தப் பெயர் சரி என்று சிலை சொன்னதில்லை. பெயர் வைத்தவனும் மனிதன், பொருள் கொடுத்தவனும் மனிதன்.

அந்தத் தங்கம் எப்படி ஏறியது என்று பாருங்கள். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கிச் செம்பின் மேல் பூசுவார்கள். பிறகு நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். போன ஆவி எங்கே போனது? பட்டறையில் நின்றவனின் மூச்சுக்குள் போனது. நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு அது. பாடன் நகரத்துச் சாக்கியர் குடும்பங்கள் புத்தரையும் செய்தன, சிவனையும் செய்தன. இரண்டுக்கும் நெருப்பின் முன் நின்றன. தெய்வத்தின் முகத்தில் பக்தர் காணும் ஒளிக்கு ஒரு தொழிலாளியின் உடல் விலை கொடுத்திருக்கிறது. அந்தக் கடனைத் தெய்வ அருள் என்று சொல்லித் தீர்த்துவிட முடியாது.

16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பைரவர் முகங்கள் 1990களின் நடுவில் நேபாளத்தின் தோலகாவில் ஒரு வீட்டிலிருந்து திருடப்பட்டன. கடல் கடந்தன. ஒன்று நியூயார்க்கின் ரூபின் அருங்காட்சியகத்துக்கும் மற்றொன்று டல்லஸ் கலை அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. திருடன் கைவைத்தபோது நெற்றிக்கண் திறக்கவில்லை. வாங்கியவரையும் எந்தச் சாபமும் தீண்டவில்லை. மன்ஹாட்டன் அரசு வழக்குரைஞர் அலுவலகம் துப்புத் துலக்கி 2023இல் இரண்டையும் நேபாளத்திடம் ஒப்படைத்தது. மீட்டது விசாரணை, மந்திரம் இல்லை.

பாடனின் லட்சுமி நாராயணர் கற்சிலையின் கதையும் இதையே சொல்கிறது. 1984இல் அது களவு போனது. அந்த இடத்தில் நகல் ஒன்றை வைத்தார்கள். பூவும் குங்குமமும் அதற்குக் குறைவில்லாமல் கிடைத்தன. பழைய சிலையை அதே டல்லஸ் அருங்காட்சியகத்தில் அடையாளம் காண உதவியவை புகைப்படங்கள். களவுபோன சிலைகளைப் படத்தோடு தொகுத்து, நேபாளக் கலை வரலாற்றாசிரியர் லைன் சிங் பாங்தெல் 1989இலேயே நூலாக்கியிருந்தார். 2021இல் சிலை ஊர் திரும்பியது.

இங்கே நம் பகுத்தறிவாளர்களுக்கு ஒரு கேள்வி. ‘தன்னையே காத்துக்கொள்ள முடியாத சாமி நம்மை எப்படிக் காக்கும்?’ என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். கேள்வி சரிதான். ஆனால் அதன் மறுபாதி நம் மேல்தான் வந்து விழுகிறது. சிலையால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்றால் அதைக் காக்க வேண்டியவர் யார்? அது வெறும் செம்பு என்பதால் திருட்டு சிறிதாகிவிடுமா? களவு போனது ஒரு தெருவின் திருவிழா. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கைத்திறன். ஏழை நாட்டு மக்கள் தங்கள் பெயரோடு வைத்திருந்த ஒரே செல்வம். கடவுளை நம்பாதவனுக்குத்தான் இந்தக் குற்றம் இன்னும் கூர்மையாகத் தெரிய வேண்டும். தண்டிக்க மேலே யாரும் இல்லை என்று அறிந்தவன் அவன்.

பக்தர்களுக்கும் ஒன்று சொல்வேன். தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டதால்தான் திறந்த வெளிச் சிலைகள் எளிதாகப் போயின. படம் எடுங்கள், அளவு எழுதுங்கள், பதிவு செய்யுங்கள். உங்கள் பக்தியைக் காப்பதும் அந்த ஏடுதான்.

வாங்குகிற செல்வந்தர் ‘கலையைக் காப்பாற்றினேன்’ என்கிறார். யாரிடமிருந்து? கும்பிட்டுக் காத்த மக்களிடமிருந்தா? எந்த ஆண்டு, யார் கையிலிருந்து, எந்தத் தாளோடு வந்தது என்று கேட்காமல் கொடுத்த பணம்தான் அடுத்த திருடனுக்கு முன்பணம்.

சிலையைச் செய்தவர், திருடியவர், வாங்கியவர், மீட்டவர் எல்லாரும் மனிதர்களே. பழியும் பெருமையும் பெயர் சொல்லி மனிதர் கணக்கில் எழுதப்படட்டும். அப்போதுதான் கடனைத் திருப்பிக் கேட்க முடியும்.