யார் செய்த பாவம்?

மூன்றாம் முறையும் கரு கலைந்த ஒரு தாய், வெள்ளக்கடையில் திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்து, "நான் என்ன பாவம் செய்தேன், சாமி?" என்று கேட்டார். "இறைவனின் சித்தம், அம்மா" என்றோம். அவர் தலைகுனிந்து சென்றார். ஊரார் தீர்ப்புக்கு நாமும் முத்திரையிட்டோம் என்பது பின்னரே உறைத்தது.

பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டனர். இயேசு இரண்டையும் மறுத்தார். நாமோ இன்னும் அக்கேள்வியை விட்டபாடில்லை.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள் நிகழ்வதாக 'லான்செட்' மருத்துவ இதழ் 2021-இல் கணக்கிட்டது. கருவின் குரோமோசோம் பிழையால் நேர்பவை பல. மீண்டும் மீண்டும் கலையும்போது தைராய்டு, இரத்த உறைவுக் கோளாறு, கருப்பையின் அமைப்பு ஆகியவற்றை மருத்துவர் ஆராய்வர். கருப்பை நுண்ணுயிர் அற்ற இடமென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் சிலரிடம் பாக்டீரியாக்கள் அதன் உட்சவ்வில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இராது. உட்சவ்வின் சிறு துணுக்கில் பிளாஸ்மா செல்கள் தென்படுவதைக் கொண்டு இதனை அறிவர். இவர்களுக்குக் கருத்தரிக்குமுன் டாக்சிசைக்ளின் மருந்து தந்தால் கரு தங்குமா என்று அறிய, பிரிட்டனில் வார்விக் ஆய்வாளர்கள் பெரும் சோதனையொன்றை மேற்கொண்டனர்.

அன்பர்களே, காரணம் வேறு, குற்றம் வேறு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் பாவத்தின் கூலியன்று. அசுத்தத்தின் அடையாளமும் அன்று. 'சாபம் பெற்றவள்' என்ற பட்டத்தை நீக்கி, 'சுத்தமற்றவள்' என்ற பட்டத்தைச் சூட்டுவோமாயின், அறிவியலையும் கல்லெறியும் கருவியாக்கிவிடுவோம். எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் காரணம் புலப்படாத தாய்மார் பலர் உள்ளனர். காரணம் கிடைத்தால்தான் ஒருவர் குற்றமற்றவர் என்பதில்லை.

திருமுழுக்குப் பெறாது மறைந்த சிசுக்களின் மீட்பை எதிர்நோக்க நமக்குத் தக்க காரணங்கள் உண்டு என்று பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் அறிவித்தது. பிறவாத பிள்ளைக்காக அழும் தாய்க்கு இதை நாம் சொல்லியிருக்கிறோமா?

அவரையும் அவர் கணவரையும் சேர்த்தே சேலத்து மருத்துவரிடம் அனுப்புவோம். அண்டை வீட்டு வளைகாப்புக்கு அவரையும் அழைப்போம். அவர் மறுபடி அக்கேள்வியைக் கேட்டால், சித்தம் பற்றிப் பேசாமல், அருகில் அமர்ந்து, "நீங்கள் எப்பாவமும் செய்யவில்லை, அம்மா" என்போம்.