மூலன் மனைவி கேட்டது

எங்கள் ஆத்தூரில் வசிஷ்ட நதிக்கரையில் இருக்கும் சாமிக்குக் காயநிர்மலேஸ்வரர் என்று பெயர். காயம் என்றால் உடம்பு. அதை மாசு போக்கித் தருகிறவர். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துத் தூசி தட்டும்போதெல்லாம் நம் தொழிலுக்கு ஏற்ற சாமிதான் என்று நினைத்துக்கொள்வேன். சேகோ மில்லிலிருந்து வரும் பெட்டிகளில் தூசிகூட வெள்ளையாக இருக்கும். ஃபேன் இறக்கையில் கிழங்கு மாவு அப்பிக் கிடக்கும்.

போன மாதம் அப்படி ஒரு பெட்டியோடு ஓர் அம்மா வந்தார். கணவர் மில்லில் கணக்கு எழுதியவர். இறந்து எட்டு மாதம். கோர் 2 டூயோ, 2 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. ஹார்டு டிஸ்க் கடகடவென்று அடித்துக்கொண்டது. ஃபைல்களை எப்படியோ உருவி எடுத்தேன். எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது. இந்த ராமில் விண்டோஸ் 10 போட்டால் மெனு திறப்பதற்குள் டீ ஆறிவிடும். புது எஸ்எஸ்டி மாட்டி டெபியன் லினக்ஸும், மேலே எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் ஏற்றினேன். பெட்டி பறந்தது.

அந்த அம்மா பார்த்தார். "பெட்டி அவருதுதான் தம்பி. ஆனா இது அவரு கம்ப்யூட்டர் இல்லையே."

எனக்குத் திருமூலர் ஞாபகம் வந்தார். சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் செத்துக் கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. வழியே வந்த யோகி மனம் பொறுக்காமல் தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுகிறார். பசுக்களுக்கு அது போதும்; துள்ளிக் குதிக்கின்றன. மனைவிக்குப் போதவில்லை. வீட்டுக்குக் கூப்பிடுகிறாள், உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார் அவர். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் யோகி, உன் வசப்படமாட்டார் என்று அவளை அனுப்பிவைக்கிறார்கள். கதையில் எல்லோரும் யோகி பக்கம். நான் அவள் பக்கம். உடம்பு வெறும் சட்டை என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? அந்தச் சட்டையோடுதானே அவள் குடித்தனம் செய்தாள்.

எக்ஸ்எஃப்சிஇ கதையும் இதே மாதிரிதான். 1996இல் பிரான்ஸ்காரர் ஒலிவியே ஃபூர்தான் எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற கருவித்தொகுப்பை வைத்து ஆரம்பித்தார். பெயரின் முதல் இரண்டு எழுத்தும் அதிலிருந்து வந்தவை. பிறகு இரண்டு முறை அடியோடு மாற்றி எழுதினார்கள். எக்ஸ்ஃபார்ம்ஸ் துளியும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. அதற்காக யாரும் பஞ்சாயத்தைக் கூட்டவில்லை.

ஆனால் அந்த அம்மா தேடியது பெட்டியையும் இல்லை, விண்டோஸையும் இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. கணவரின் கை போய்ப்போய்ப் பழகிய இடங்களைத் தேடியிருக்கிறார். உடம்பா உயிரா என்று வாதாடுகிறவர்கள் இந்த மூன்றாவதை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ!

அந்த அம்மாவின் மகள் போனில், கணவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். மேலே இருந்த பேனலைக் கீழே இறக்கினேன். டிஸ்கிலிருந்து மீட்ட வால்பேப்பரைப் போட்டேன். எக்ஸ்எஃப்சிஇ, எந்த ஐகான் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது பத்தி என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதிவைத்துக்கொள்ளும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவர் மில் கணக்கு ஃபோல்டரை யாரும் வைக்காத இடத்தில், திரையின் நட்டநடுவில் வைத்திருந்தார். அங்கேயே வைத்தேன்.

ஒன்றை மட்டும் மறைக்கவில்லை. "உள்ள இருக்கறது வேறம்மா. வெளியதான் அவர் வெச்ச மாதிரி" என்றேன். தலையாட்டினார். ஃபோல்டரை அவரே திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"ஆன் பண்ணா ஒரு பாட்டு மாதிரி சத்தம் வருமே?"

"அதையும் போட்டுத் தரேம்மா. ரெண்டு நிமிஷ வேலை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வேண்டாம் தம்பி. அது கேட்டா அவரு வந்து உக்காந்துட்டாருன்னு காபி போட எந்திரிச்சிருவேன்."