கல்லின் வயதும் கருதலளவையும்

கண்டார் ஒருவரும் இல்லாத காலத்தைக் கணித்துரைத்தல் கருதலளவையாமோ என்பதை ஈண்டு ஆராய்வாம். பூமி குளிர்ந்துவந்த முறையால் அதன் வயது 2 முதல் 4 கோடி ஆண்டு என்றார் கெல்வின் பிரபு, 1897இல். ஆங்கில நிலநூலறிஞர் ஆர்தர் ஹோம்ஸ் கொண்ட ஏது வேறு. யுரேனியம் மாறா வீதத்திற் சிதைந்து ஈயமாதலின், கல்லினுள் அவ்விரண்டும் நிற்கும் விகிதமே அதன் வயதைக் காட்டும். 1911இல், தமது 21ஆம் வயதில், நார்வே நாட்டுக் கல்லொன்றிற்கு 37 கோடி கண்டார். 1913இல் மிகப் பழைய கற்கட்கு 160 கோடி என்றார். பூமியின் வயது பின்னும் உயர்ந்தது.

இங்ஙனம் எண் மாறுதலின் அளவையே பொய்யென்பாரும் உளர். அற்றன்று. பனியைப் புகையென ஒருவன் மயங்கினமையாற் புகை நெருப்பைக் காட்டாதொழியுமோ? கல் தோன்றியபொழுதே கலந்திருந்த ஈயத்தைச் சிதைவால் வந்ததெனக் கொள்ளுதலே ஈண்டுப் பனியாவது. அவ்வாதியீயத்தின் இயல்பை விண்வீழ்கல்லிற் கண்டு கழித்த பின்னரே, 1956இல் பாட்டர்சன் 455 கோடி என நிறுவினார்.