புள்ளியிட்ட இடங்கள்

பாதுகாத்தல் என்ற சொல்லை நாம் மிகவும் மலிவாகச் செலவழித்துவருகிறோம். ஸ்கேன் செய்தால் பாதுகாத்தாயிற்று. ஹார்ட் டிஸ்கில் ஏற்றினால் பாதுகாத்தாயிற்று. இரண்டு டிஸ்கில் ஏற்றிவிட்டால் சாசுவதமாகவே பாதுகாத்தாயிற்று. இந்த மூன்றாவது மூடநம்பிக்கையில் நான் ஆறு வருஷம் சௌகரியமாக வாழ்ந்திருக்கிறேன். அது உடைந்த விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் யந்திரம் என் விஷயத்தில் பாதிதான். மீதிப் பாதி, ஒருவருக்கு வாக்குக் கொடுப்பது பற்றியது.

சந்தவாசலில் என் வீட்டுப் பின்கட்டில், அப்பாவின் தறிக்குழியை மூடிய இடத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதனுள் நான்கு டெராபைட் டிஸ்குகள் இரண்டு. ஒன்றில் எழுதுவது அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். ‘கண்ணாடி’ என்று இந்த ஏற்பாட்டுக்குப் பெயர். ஒன்று செத்தால் மற்றது இருக்கும் என்பது சித்தாந்தம். நண்பர்கள் இரவல் தந்த சிறுபத்திரிகைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதில் சேர்த்துவந்தேன். பல, வேறு யாரோ முன்பே சேர்த்துவைத்தவைதான். அவை போனாலும் போகவில்லை. ஒன்று மட்டும் அப்படியல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணி நெசவாளர்கள் சிலர் சைக்ளோஸ்டைலில் போட்ட பத்திரிகை. ஏழு இதழ்கள். அதை வைத்திருந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்த பெரியவர். நான் படமெடுத்துத் திருப்பிக் கொடுத்த மறு வருஷம் அவர் வீட்டை இடித்துக் கட்டினார்கள். சாமான்களை ஒழிக்கும்போது என்னிடம் கேட்டார்: “இந்தக் கட்ட இன்னா பண்றது? நீதான் ஏத்தி வெச்சிருக்கியே தம்பி?” நான் சொன்னேன்: “ஆமாங்க ஐயா. ரெண்டு எடத்துல பத்திரமா கீது.” கட்டு பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போயிற்று.

என் வாக்கியம் பொய்யல்ல. சொன்ன தினத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. அதனால்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் திடீரென்று சாவதில்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தன் உடம்பைப் பற்றி அதுவே ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது; ‘ஸ்மார்ட்’ என்று அந்தக் கணக்குக்குப் பெயர். அதில் ஐந்தாம் எண் வரிசை, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் தொகை. 197ஆம் வரிசை, படிக்க முடியாமல் போய் இன்னும் தீர்மானம் ஆகாத செக்டர்கள். 199ஆம் வரிசை ஏறினால் பெரும்பாலும் கேபிளில் கோளாறு. எனக்கு 197இல் எட்டு என்று காட்டியது. கேபிளாக இருக்கலாம் என்று கேபிளை மாற்றினேன். 199 பூஜ்யமாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனிதன் எதைச் சரிசெய்யச் சுலபமோ அதுதான் கெட்டிருக்கிறது என்று நம்புகிறவன். பிறகு ஒரு நாள் எட்டு, பூஜ்யமாயிற்று. அந்த இடத்தின் மேல் ஏதோ புதிதாக எழுதப்பட்டிருக்கிறது, டிஸ்க் அதற்கு வேறு இடம் ஒதுக்கிவிட்டது, அவ்வளவுதான். நான் நிம்மதியடைந்தேன்.

வங்கியில் வேலை செய்பவனுக்கு இந்த நிம்மதி வந்திருக்கக் கூடாது. 197ஆம் வரிசை எங்கள் சஸ்பென்ஸ் கணக்குதான். எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையை அங்கே நிறுத்துகிறோம். தணிக்கைக்காரர் வந்ததும் முதலில் அந்தப் பேரேட்டைத்தான் கேட்பார். இன்னொன்றும் உண்டு. சாயங்காலம் கவுன்டரில் ரொக்கம் ஐந்நூறு ரூபாய் குறைந்தால், குறைந்தது என்று எழுத வேண்டும் என்பது விதி. எழுதாமல் சொந்தப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுகிறவர் உண்டு. நல்ல மனிதர் என்றும் பெயரெடுப்பார். ஆனால் அன்றைய பிழை எங்கே நடந்தது என்ற தடயத்தை அவர் அழித்துவிடுகிறார். டிஸ்க் கெட்ட செக்டருக்குப் பதில் உபரியை எடுத்துப்போட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பது இந்த நல்ல மனிதரின் குணம். வித்தியாசம், டிஸ்க் குறைந்தபட்சம் ஐந்தாம் வரிசையில் ஒரு எண்ணைக் கூட்டிவைக்கிறது. நம் நல்ல மனிதர் அதையும் செய்வதில்லை.

2007இல் கூகுள் பொறியாளர்கள் மூவர் தங்கள் கம்பெனியின் லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்பரப்பைத் துழாவும்போது முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், பிழை காட்டாத டிஸ்கைவிட, அடுத்த அறுபது நாளில் சாவதற்கு 39 மடங்கு வாய்ப்பு உள்ளது என்று அவர்கள் கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு தகவல்: செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதத்துக்கும் அதிகமானவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. முதல் தகவல் நம்மைப் பயமுறுத்துகிறது. இரண்டாவது அடக்கத்தைக் கோருகிறது. அறிகுறி வந்தால் நம்பு, வராவிட்டால் நம்பாதே. மனசு இதற்கு நேர்எதிராக வேலை செய்கிறது.

ஒரு மழை இரவில் மின்சாரம் மூன்று முறை போய் வந்த பிறகு முதல் டிஸ்க் சுவர்க்கோழிபோல் ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தது. காலையில் அது இல்லை. நான் பதறவில்லை, கண்ணாடி இருக்கிறதல்லவா? புதிய டிஸ்க் வாங்கிவந்து மாட்டி, மிஞ்சியதிலிருந்து பிரதி எடுக்கச் சொன்னேன். அப்போதுதான் மிஞ்சியது வாயைத் திறந்தது. அதில் பதினோரு இடங்கள் படிக்க முடியாதவை. அவை எப்போது கெட்டன? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஆறு வருஷமாக அந்த இடங்களை யாரும் படிக்கவில்லை. டிஸ்கில் ஒரு இடம் கெட்டிருப்பது அதைப் படிக்க முயலும்போதுதான் தெரியவரும். மாதம் ஒருமுறை முழு டிஸ்கையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கச் சொல்லி ஒரு கட்டளை இருக்கிறது. நான் அதைக் கொடுக்கவே இல்லை. ராத்திரி முழுக்க ஓடும், சத்தம் வரும்.

மீட்பதற்கென்று ஒரு நிரல் இருக்கிறது, டிடிரெஸ்க்யூ என்று. அது முதலில் நல்ல இடங்களையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பிவந்து பொறுமையாகக் கேட்கிறது. எது கிடைத்தது எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடத்தையும் எழுதிவைக்கிறது. இரண்டு நாள் ஓடிற்று. பதினொன்றில் ஏழு திரும்பின. நான்கு திரும்பவில்லை. நான்கும் அந்தச் சைக்ளோஸ்டைல் பத்திரிகைக்குள். திறந்து பார்த்தால் பக்கத்தின் மேல்பாகத்தில் ஊதா மசி எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு வரியின் நடுவில் தொடங்கி அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

தறி இப்படி நடந்துகொள்வதில்லை. ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை கிழிந்தால், அந்த அட்டை சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் சேலையில் அதே இடத்தில் பிழை விழும். அப்பா விரலால் தடவியே கண்டுபிடிப்பார். துளையிட்ட அட்டையிலிருந்துதான் கம்ப்யூட்டரின் ஞாபகமே பிறந்தது என்று சொல்வார்கள். ஜக்கார்டு 1804இல், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹொல்லரித்தின் அட்டைகள் எண்ணியது 1890இல். இந்தப் பரம்பரையில் எங்கோ ஒரு குணம் தொலைந்திருக்கிறது. நெய்யும்போதே அட்டை படிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. டிஸ்கிலோ வைப்பது வேறு, படிப்பது வேறு என்று ஆகிவிட்டது.

கண்ணாடி ஏற்பாட்டில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இரண்டு டிஸ்கும் உயிரோடிருந்து, இரண்டும் வேறுவேறு சொன்னால்? எது சரி என்று தெரிந்துகொள்ள லினக்ஸின் சாதாரணக் கண்ணாடிக்கு வழி கிடையாது. சரிசெய் என்று சொன்னால், வரிசையில் முதலில் இருப்பதில் உள்ளதை மற்றதன் மேல் எழுதிவிடுகிறது. முரண்பாடு தீர்ந்துவிடும், உண்மை எந்தப் பக்கம் இருந்தது என்பதும் அதோடு தீர்ந்துவிடும். நம் பதிப்பாசிரியர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. அவர்கள் அதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் போட்டார்கள். ஒன்றை மூலத்தில் ஏற்றாலும், ஏற்காததை உயிரோடு விட்டார்கள். தங்கள் தீர்ப்பைத் திருத்தும் உரிமையை வாசகனிடம் கொடுத்த செயல் அது. 2005இல் வெளிவந்த இசட்எஃப்எஸ் முதலான சில ஏற்பாடுகள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியே வைத்து, எந்தச் சாட்சி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கின்றன. நல்லதுதான். நானும் இப்போது அதற்கு மாறிவிட்டேன். மூன்றாவது பிரதி ஒன்று போளூரில் நண்பர் வீட்டிலும் இருக்கிறது. இதெல்லாம் செய்ய வேண்டியவை, செய்யாதது என் சோம்பேறித்தனம். ஆனால் நான் பெரியவரிடம் சொன்ன வாக்கியத்தை இவை தொடுவதில்லை.

உ.வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போனதைச் சொல்கிறார். கோயிலில் இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று அவருக்குப் பதில் கிடைத்தது. ஆகமத்தில் அப்படி இருக்கிறதாம். அவர் வருத்தத்தோடு அதற்கு ஒரு காரணம் காண்கிறார்: முற்காலத்தில் பழுதான ஏட்டுக்குப் புதிய பிரதி எழுதிவைத்துக்கொண்டு, பிறகு பழையதை ஆகுதி செய்திருப்பார்கள், பின்னால் வந்தவர்கள் எழுதுவதை மறந்து எரிப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். சடங்கின் இரண்டு பாதிகளில் சுலபமான பாதி தங்கிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கோயில்காரர்கள் மேல் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் நான் அவர்களைவிடச் சாமர்த்தியசாலி. பிரதியையும் எடுத்தேன், அதைக் காட்டி மூலத்தையும் எரியவைத்தேன், பிறகு பிரதியையும் போகவிட்டேன்.

1981 ஜூன் முதல் தேதி யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 90,000க்கு மேற்பட்ட நூல்கள். அங்கே எரித்தவன் இருந்தான். எரிந்தது என்று சொல்லி அழ ஒரு தேதி இருக்கிறது. அந்தச் சாம்பலின் நினைவு இல்லாமல் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டத்தின் வேகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. நம்பிக்கையினால் அழிவதற்குத் தேதியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. எல்லாரும் நல்லவர்களாகவே இருக்க, பொருள் மட்டும் இல்லாமல் போகிறது.

புறநானூற்றில் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் இல்லை. 1894இல் அச்சேறியபோதே இல்லை. 266க்கு அடுத்தது 269. இலக்கத்தை நகர்த்தி அந்த ஓட்டையை அடைத்திருக்கலாம், யாரும் செய்யவில்லை. வரிகள் சிதைந்த பாட்டுகளில் சிதைந்த இடத்தில் புள்ளிகள் இருக்கின்றன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைத்ததை இரண்டாம் பத்து என்றே சொல்கிறோம். எண்பதை நூறென்று நடிக்காத ஒரு நூலை நாம் கைமாற்றி வருகிறோம். அந்தப் புள்ளிகளைப் பள்ளிப் பருவத்தில் குறையாகப் பார்த்தேன். இன்று, காப்பாற்றுகிறவன் செய்யக்கூடியதில் மிகக் கடினமானது அந்தப் புள்ளியை இடுவதுதான் என்று தோன்றுகிறது. சாம்பல் நிறப் பக்கங்களை நீக்கிவிட்டு மீதியை வரிசைப்படுத்தி, ‘ஏழு இதழ்களும் உள்ளன’ என்று எழுதிவைக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒரு மாதம் அந்த ஐந்து நிமிஷம் என் கையிலேயே இருந்தது. பெரியவர் எண்பதைத் தாண்டியவர், கண் மங்கல், கேட்கப்போவதுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு ஆரணிக்குப் போனேன். பக்க எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். புதிய வீட்டில் டைல்ஸ் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தாளை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டு, “மூணாவது இதழ்ல பதினாலாம் பக்கம். அது யார் எழுதுனது?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மேல்பாகத்தில் பெயர் இல்லை, முந்தைய பக்கத்தின் தொடர்ச்சி. முந்தைய பக்கம் என்ன என்றும் சொல்ல வரவில்லை.

“போட்டோ புடிச்சியே தம்பி, படிக்கலியா?”

“படிக்கலீங்க ஐயா.”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூலி உயர்வு சம்பந்தமான கட்டுரையாக இருக்கலாம், இல்லை கவிதையாகவும் இருக்கலாம், தனக்கும் இப்போது ஞாபகம் இல்லை என்றார். உள்ளே திரும்பி எனக்குக் காப்பி சொன்னார்.

போனவை இவை: இரண்டாம் இதழ், 9ஆம் பக்கத்தில் கீழ்ப்பாதி. மூன்றாம் இதழ், 14ஆம் பக்கத்தில் ஆறாவது வரிக்குப் பிறகு. 15ஆம் பக்கம் முழுவதும். ஆறாம் இதழ், பின்னட்டை. பத்திரிகையின் பெயரை அச்சிட வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டதால் இங்கே தரவில்லை; ஆரணிப் பக்கத்தில் அந்த நாளைய சைக்ளோஸ்டைல் தாள்கள் யாரிடமாவது பரணில் இருந்தால் எழுதுங்கள், சொல்கிறேன். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லமாட்டேன். உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறேன்.